பருவங்கள் மாறுவது ஏன்? பள்ளி முற்றத்தில் நட்ட கழி கற்பிக்கும் பாடம்

விவசாயியின் ஆண்டுக் கணக்கு பருவங்களைக் கொண்டே நடைபெறுகிறது. ஆடிப் பட்டத்தில் எதை விதைப்பது, தைப் பட்டத்தில் எதை விதைப்பது, சம்பாவுக்கு நாற்று எப்பொழுது விடுவது என்பனவற்றை அவர் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்வதில்லை. தந்தையிடமிருந்தும் பாட்டனிடமிருந்தும் வழிவழியாக வந்த அறிவு அது. பருவம் எப்பொழுது வரும் என்பதைக் கிராமம் நன்கு அறியும். ஆனால், பருவம் ஏன் மாறுகிறது என்று அதே கிராமத்துச் சிறுவன் கேட்பானாயின், அவனுக்குச் சரியான விடை கூறுவோர் மிகச் சிலரே. அந்த விடையை மாணவர்களுக்கு எவ்வாறு கற்பிக்கலாம், அதற்குப் பஞ்சாயத்து எவ்வாறு துணை நிற்கலாம் என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

"இது பள்ளிக்கூடத்து விஷயமாயிற்றே, பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கக் கூடும். இன்று விவசாயியை நாடி வரும் செய்திகள் பல. மண் பரிசோதனை முடிவு வருகிறது. உர அளவு வருகிறது. வானிலை அறிவிப்பு வருகிறது. இவற்றோடு ஆதாரமற்ற வதந்திகளும் வருகின்றன. இவற்றுள் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்க, காரணத்தைக் கேட்கும் பழக்கமும் அளந்து பார்க்கும் பழக்கமும் வேண்டும். இப்பழக்கங்கள் இளமையில் வர வேண்டியவை. அவற்றைச் செலவின்றிக் கற்பிப்பதற்குப் பருவங்களைப் பற்றிய பாடத்தை விடச் சிறந்த பாடம் வேறு காண்பது அரிது. ஏனெனில், அதற்கு வேண்டிய ஆய்வுக்கூடம் வெயில் விழும் முற்றமேயாகும்.

படித்தவர்களும் தடுமாறும் கேள்வி

1987 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கல்விப் படம் தயாரிக்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நாளில், மாணவரும் பழைய மாணவரும் ஆசிரியருமாக 23 பேரிடம், பருவங்கள் மாறுவது ஏன், சந்திரன் தேய்ந்து வளர்வது ஏன் என்று கேட்டனர். அவர்களுள் 21 பேரின் விடைகளில் பிழை இருந்தது. பருவங்களைப் பற்றிக் கேட்கப்பட்டவர்களிற் பலர் கூறிய விடை ஒன்றே. "பூமி சூரியனை நெருங்கும்போது கோடை, விலகும்போது குளிர்" என்றனர்.

நம் கிராமத்துப் பிள்ளைகள் கூறும் விடையும் இதுவே. இதற்காக அவர்களைக் கடிந்து கொள்வதில் பயனில்லை. அடுப்பின் அருகே சென்றால் அனல் அதிகம், விலகினால் குறைவு என்பது குழந்தை தன் அனுபவத்தில் கண்ட உண்மை. அந்த உண்மையைப் பொருந்தாத இடத்தில் அது பொருத்துகிறது. ஆகவே, ஆசிரியர் முதலில் செய்ய வேண்டுவது சரியான விடையைக் கரும்பலகையில் எழுதுவது அன்று. குழந்தையின் விடையால் விளக்க முடியாத ஒரு கேள்வியை அதன் முன் வைப்பதே முதல் வேலை.

அத்தகைய கேள்விகள் இரண்டு உண்டு. முதலாவது கேள்வி இது: பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது எந்த மாதம்? ஜனவரி மாதத்தின் தொடக்கத்தில் தூரம் ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலை மாதத்தின் தொடக்கத்தில் 15.21 கோடி கிலோமீட்டர். அதாவது, மார்கழிப் பனியில் நாம் நடுங்கும் காலத்திலேதான் பூமி சூரியனை மிகவும் நெருங்கியிருக்கிறது! இரண்டாவது கேள்வி: டெல்லியில் மக்கள் கம்பளி போர்த்துக் கொள்ளும் அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கடுங்கோடை நிலவுவது ஏன்? தூரமே காரணமாயின், பூமி முழுவதும் ஒரே சமயத்தில் கோடையும் ஒரே சமயத்தில் குளிரும் வர வேண்டுமல்லவா? இவ்விரு கேள்விகளையும் கேட்ட பிள்ளைகள் தங்கள் விடையைத் தாங்களே கைவிட்டு, வேறு விடையைத் தேடத் தொடங்குவார்கள். கற்பித்தல் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

படம் தரும் மயக்கம்

இப்பிழைக்குப் புத்தகங்களில் உள்ள படமும் ஓரளவு காரணமாகும். பூமி சூரியனைச் சுற்றி வரும் பாதையைச் சாய்வாகப் பார்ப்பது போல் வரைவது வழக்கம். அதனால் அப்பாதை நீண்ட முட்டை வடிவமாகத் தோன்றுகிறது. உண்மையில் அது ஏறக்குறைய வட்டமே. ஒரு மீட்டர் குறுக்களவில் அதனைத் தரையில் வரைவோமானால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கே இருக்கும்; கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியின் தடிப்பே அதைவிட அதிகம். சூரியன் நட்ட நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் மட்டும் தள்ளி இருக்கும். தூர வேறுபாட்டால் ஜனவரியில் பூமிக்குக் கிடைக்கும் வெயில் ஜூலையில் கிடைப்பதைவிடச் சுமார் 7 சதவிகிதம் அதிகம் என்பது மெய்யே. எனினும் பருவங்களை உண்டாக்குவது அதுவன்று.

பூமியையும் சூரியனையும் அளவோடு காட்ட விரும்பும் ஆசிரியர், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சுண்டைக்காயைப் பூமியாக வைத்துக் கொள்ளலாம். அப்பொழுது சூரியன் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவுடன், 117 மீட்டர் தொலைவில், பள்ளி வாசலிலிருந்து தெருக்கோடி வரை நடந்து சேரும் தூரத்தில் இருக்கும். இந்தத் தூரத்தில், சுண்டைக்காயின் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதால் அது சூரியனுக்கு "அருகில்" போய்விடாது என்பது பிள்ளைகளுக்குக் கண்கூடாக விளங்கும். "சாய்வினால் வடபாகம் சூரியனை நெருங்குகிறது" என்னும் இரண்டாவது பிழையான எண்ணமும் இதனால் நீங்கும்.

உண்மைக் காரணம்

பூமி பம்பரம் போல் தன்னைத் தானே சுற்றிக் கொண்டு சூரியனையும் சுற்றி வருகிறது. அந்தப் பம்பரம் நேராக நிற்கவில்லை. ஏறத்தாழ 23½ டிகிரி சாய்ந்துள்ளது. ஒரு காகிதத்தின் செங்கோண மூலையை இரண்டு முறை மடித்தால் 22½ டிகிரி கிடைக்கும்; பூமியின் சாய்வு அதைவிடச் சிறிது அதிகம். இதில் மாணவர்கள் மறக்கக் கூடாத செய்தி, அச்சாய்வு ஆண்டு முழுவதும் ஒரே திசையையே நோக்கியுள்ளது என்பதாகும். அச்சின் வடமுனை எப்பொழுதும் துருவ நட்சத்திரத்தின் பக்கமே பார்த்திருக்கிறது. ஆகவே, பூமி சூரியனைச் சுற்றி வரும்போது, ஜூன் மாதத்தில் வடபாகம் சூரியன் பக்கம் சாய்ந்தும், டிசம்பரில் சூரியனுக்கு எதிர்ப்புறம் சாய்ந்தும் அமைகிறது. தென்பாகத்துக்கு இது நேர்மாறாகும்.

இச்சாய்வினால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, வெயில் விழும் கோணம். ஒரு மரக்கால் விதையை ஒரு சென்ட் நாற்றங்காலில் தெளித்தால் நாற்று அடர்ந்து வளரும். அதே மரக்கால் விதையை இரண்டு சென்டில் தெளித்தால் நாற்று கலங்கும். விதையின் அளவு மாறவில்லை, பரப்பே மாறியது. வெயிலும் அவ்வாறே. சூரியன் உச்சியில் இருக்கும்போது அதன் கதிர்கள் சிறு பரப்பில் அடர்ந்து விழுகின்றன. அது தாழ்ந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அதே கதிர்கள் இருமடங்கு பரப்பில் பரவுவதால், ஒவ்வொரு சதுர அடிக்கும் பாதி வெயிலே கிடைக்கிறது. டார்ச் விளக்கை முதலில் நேராகவும் பின்னர்ச் சாய்த்தும் தரையில் அடித்துக் காட்டினால், ஒளி வட்டம் நீண்டு மங்குவதைப் பிள்ளைகள் காண்பார்கள். டிசம்பர் நண்பகலில் சூரியன் சென்னையில் 53 டிகிரி உயரத்தில் இருக்கிறது; லண்டனில் 15 டிகிரி உயரமே எழுகிறது. அங்கே குளிர் கடுமையாக இருப்பதன் காரணம் இதிலிருந்தே புலப்படும்.

இரண்டாவது, பகலின் நீளம். சென்னையில் ஜூன் மாதத்து நீண்ட பகல் 12 மணி 53 நிமிடம். டிசம்பரின் குறுகிய பகல் 11 மணி 22 நிமிடம். வேறுபாடு ஒன்றரை மணியே. டெல்லியிலோ ஜூன் பகல் ஏறத்தாழ 14 மணி. டிசம்பர்ப் பகல் 10 மணி 20 நிமிடம். வடக்கே செல்லச் செல்ல இவ்வேறுபாடு பெருகுகிறது. நீண்ட பகலில் நிலம் அதிக நேரம் வெயில் காய்கிறது. குறுகிய இரவில் அது ஆறுவதற்குப் போதிய நேரம் இல்லை.

கோணமும் பகல் நீளமும் சேர்ந்தே கோடையையும் குளிரையும் உண்டாக்குகின்றன. தூரம் அன்று, சாய்வே காரணம்.

வகுப்பறையில் செய்து காட்டும் முறை

இதற்கு ஒரு சாத்துக்குடிப் பழமும் ஓர் ஈர்க்குச்சியும் ஒரு விளக்கும் போதும். பழத்தின் நடுவே ஈர்க்குச்சியைச் செருகுக. அறையின் நடுவில் விளக்கை வைத்து, சன்னல்களை மூடுக. ஒரு மாணவன் ஈர்க்குச்சியைச் சாய்த்துப் பிடித்தவாறு விளக்கைச் சுற்றி நடந்து வரட்டும். ஈர்க்குச்சியின் முனை எப்பொழுதும் ஒரே சுவரை, உதாரணமாக வடக்குச் சுவரை, நோக்கியிருக்க வேண்டும். விளக்குக்குத் தெற்கே நிற்கும்போது பழத்தின் மேற்பாகம் விளக்கின் பக்கம் சாய்ந்திருக்கும். வடக்கே வந்து நிற்கும்போது எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும். கிழக்கிலும் மேற்கிலும் இரு பாகங்களுக்கும் வெளிச்சம் சமமாக இருக்கும். நான்கு இடங்களிலும் நிறுத்தி, பழத்தைச் சுழற்றிக் காட்டினால் இரவு பகல் நீளமும் விளங்கும்.

நடந்து வரும் மாணவன் தன்னையறியாமல் ஈர்க்குச்சியை எப்பொழுதும் விளக்கின் பக்கமே திருப்பிக் கொண்டு வருவது வழக்கம். அவ்வாறு செய்தால் ஆண்டு முழுவதும் கோடையாகிவிடும். ஆசிரியர் இதனைக் கவனித்து, "இப்பொழுது குளிர்காலம் எங்கே போயிற்று?" என்று வகுப்பைக் கேட்பாராயின், அந்த ஒரு கேள்வியே பாடத்தை மனத்தில் பதிய வைக்கும்.

மாலையில் பிள்ளைகள் துருவ நட்சத்திரத்தையும் காணலாம். வடக்கு அடிவானத்துக்கு மேலே, கன்னியாகுமரியில் 8 டிகிரி உயரத்திலும் சென்னையில் 13 டிகிரி உயரத்திலும் அது உள்ளது. நீட்டிய கையின் மடக்கிய முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரியை மறைக்கும். மரங்கள் மறைக்காத வயல்வெளியில் இந்த அளவைக் கொண்டு அதனைத் தேடிப் பிடிக்கலாம்.

முற்றத்தில் ஒரு கழி

விளக்கும் பழமும் கற்பனைக்குத் துணை செய்வன. ஆனால், உண்மையை நேரில் காட்டுவது நிழல். பள்ளி முற்றத்தில், காலை பத்து மணி முதல் பகல் இரண்டு மணி வரை மரநிழலோ கட்டட நிழலோ விழாத ஓர் இடத்தைத் தேர்ந்து கொள்க. தரையைச் சமன் செய்து சிறிய சிமெண்டு மேடை அமைத்தால் நன்று. அதில் தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் உயரம் இருக்குமாறு ஓர் இரும்புக் கம்பியை நாட்டுக. மேடை மட்டமாக உள்ளதா என்பதை ரசமட்டத்தாலும், கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டாலும் கொத்தனார் பார்த்துக் கொடுக்க வேண்டும். கம்பிக்கு வடக்கே ஒரு மீட்டரும் தெற்கே அரை மீட்டரும் இடம் இருந்தால் போதும். நம் ஸ்தபதிகள் கோயில் மனையில் "சங்கு" நாட்டித் திசை கண்ட முறையும் இதுவே. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் அதனை விரித்துரைக்கின்றன.

வாரத்துக்கு ஒரு நாள், 11-45 மணி முதல் 12-45 மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். அவற்றுள் மிகக் குறுகிய நிழலே அன்றைய நண்பகல் நிழல். அது கடிகாரத்தில் 12 மணிக்கே விழும் என்பதில்லை. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் சிறிது முன்பின்னாக விழும். பிள்ளைகள் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது நிழலை மட்டுமே.

ஓராண்டு குறித்து வந்தால் கிடைக்கும் காட்சி வியப்பளிக்கும். சென்னைக்கு நேரான அகலாங்கில் உள்ள ஊர்களில், ஒரு மீட்டர் கம்பியின் நண்பகல் நிழல் டிசம்பர் 22 வாக்கில் வடக்கே 74 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மார்ச் 21 வாக்கில் 23 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஏப்ரல் 24 வாக்கில் ஒரு நண்பகல் நிழலே இராது. அதன் பின்னர் நிழல் தெற்கே விழத் தொடங்கி, ஜூன் 21 அன்று 18 சென்டிமீட்டர் வரை நீளும். மீண்டும் சுருங்கி ஆகஸ்டு 18 வாக்கில் இன்னொரு முறை மறைந்து, பிறகு வடக்கே திரும்பும். மதுரையில் டிசம்பர் நிழல் 66 சென்டிமீட்டர். ஜூனில் தெற்கே விழும் நிழல் 24 சென்டிமீட்டர். நிழல் மறையும் நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், மதுரையில் ஏப்ரல் 16 வாக்கிலும் வரும். சூரியன் வடக்கே நகர்ந்து செல்வதைத் தமிழ்நாட்டு வரைபடத்தில் ஊர் ஊராக விரல் வைத்துக் காட்டலாம். டெல்லியில் வாழும் மாணவன் நிழல் மறையும் நாளை ஒருபோதும் காண முடியாது. நம் பிள்ளைகள் அதனை ஆண்டுக்கு இருமுறை காணும் பேறு பெற்றவர்கள்.

நம் நாட்டுப் பருவங்கள்

உறைபனியும் இலையுதிர்வும் கொண்ட நான்கு பருவங்கள் மேலைநாடுகளுக்குப் பொருந்துவன. நம் முன்னோர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தனர். நம் மண்ணில் பருவத்தை உண்டாக்குவது வெயில் மட்டுமன்று. காற்றும் மழையும் சேர்ந்தே உண்டாக்குகின்றன என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது.

கழியின் நிழலைக் குறித்து வந்த மாணவன் கூர்மையான ஒரு கேள்வியைக் கேட்பான்: "சூரியன் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் இருமுறை உச்சிக்கு வருகிறதே, பின்னர் ஆகஸ்டில் அக்கினி நட்சத்திரத்து வெயில் ஏன் இல்லை? ஏப்ரலில் உச்சிக்கு வந்த சூரியன் மே மாதத்தில் அதிகமாகச் சுடுவது ஏன்?" இரண்டும் நல்ல கேள்விகளே. அடுப்பில் வைத்த சட்டி நெருப்பு மூட்டிய உடனே காய்ந்து விடுவதில்லை. பகலில் பெறும் உஷ்ணம் இரவில் இழக்கும் உஷ்ணத்தைவிட அதிகமாக இருக்கும் வரை நிலம் மேலும் மேலும் காய்கிறது. ஆகையால் உச்சிச் சூரியனுக்குச் சில வாரங்கள் பின்னர் உஷ்ணம் உச்சம் அடைகிறது. ஆகஸ்டிலோ மேகமும் மழையும் தென்மேற்குக் காற்றும் இடையே வந்து வெயிலைத் தணிக்கின்றன.

அந்தக் காற்றுக்கும் மூலகாரணம் அச்சின் சாய்வே. சூரியன் வடக்கே செல்லும்போது ஆசியப் பெருநிலம் கடலைவிட விரைவில் காய்கிறது. காய்ந்த நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி எழ, கடற்காற்று ஈரத்துடன் நிலத்தை நோக்கி வீசுகிறது. இதுவே தென்மேற்குப் பருவக்காற்று. வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளக் கரையை அடையும் அது, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் பெருமழை பொழிகிறது. மலைக்குக் கிழக்கே நமக்கு எஞ்சுவது குறைவே. எனினும் குடகு மலையில் பெய்யும் மழை காவிரியாகி வருகிறது. மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறப்பதற்கு மரபாக ஜூன் 12 ஆம் நாள் வைக்கப்பட்டிருப்பதும் இப்பருவத்தை ஒட்டியதே. சூரியன் தெற்கே திரும்பிய பின்னர், வடபுலத்து நிலம் குளிர்ந்து, காற்று திசை மாறுகிறது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இதனாலேயே கிடைக்கிறது. சம்பாவின் வாழ்வும் ஏரி கண்மாய்களின் நிறைவும் இதனைச் சார்ந்தவை. இவ்வாறு, கழியின் நிழலுக்கும் களத்து நெல்லுக்கும் உள்ள தொடர்பை மாணவன் படிப்படியாக அறிந்து கொள்கிறான்.

உத்தராயணம் என்று தொடங்குகிறது?

நிழலை அளக்கும் பிள்ளைகள் கேட்கக் கூடிய இன்னொரு கேள்வியையும் ஆசிரியர் எதிர்பார்த்திருக்க வேண்டும். தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புவதாக வீட்டில் பெரியோர் கூறுகின்றனர். நிழலோ டிசம்பர் 22 வாக்கிலேயே குறுகத் தொடங்கி விடுகிறது. எது சரி?

நம் பஞ்சாங்கம் சூரியனின் இடத்தை நட்சத்திரங்களைக் கொண்டு கணக்கிடுகிறது. பருவங்களோ நிழலைச் சார்ந்தவை. பூமியின் அச்சு, தளர்ந்து சுழலும் பம்பரத்தைப் போல், ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை மெல்ல வட்டமிடுகிறது. அதனால் இவ்விரு கணக்குகளும் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகி வந்துள்ளன. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டும் நெருங்கியிருந்தன. முன்னோர் அன்று கண்டு கூறியது பிழையன்று. வானமே மெல்ல நகர்ந்துள்ளது. இந்த வேறுபாட்டை ஆராய 1952 ஆம் ஆண்டில் மேகநாத் சாகாவின் தலைமையில் இந்திய அரசாங்கம் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரையின்படி, பருவங்களை ஒட்டி அமைந்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் வழக்குக்கு வந்தது. பொங்கலைக் கொண்டாடுவதற்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. பெரியோரின் சொல்லையும் தன் கண்ணால் கண்டதையும் இரண்டையும் மதித்து, இடையேயுள்ள காரணத்தைக் கண்டறியலாம் என்பதைப் பிள்ளைகள் இதனால் கற்றுக் கொள்வார்கள்.

பஞ்சாயத்து செய்ய வேண்டுவன

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருடன் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் இடம் பெறுகின்றனர். அக்குழுவின் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக் கொண்டு, ஒரு மேடையும் ஒரு கம்பியும் அமைத்துத் தரலாம். செலவு சொற்பமே. கொத்தனாரின் அரை நாள் வேலை நன்கொடையாகக் கிடைப்பின் அதுவும் இராது.

இதில் ஓர் இடையூறு உண்டு. நிழல் மிக நீளும் டிசம்பர் நாட்கள் அரையாண்டு விடுமுறையை ஒட்டி வருகின்றன. நிழல் மறையும் ஏப்ரல் நாள் ஆண்டுத் தேர்வையோ கோடை விடுமுறையையோ ஒட்டி வருகிறது. பள்ளி பூட்டியிருக்கும் அந்நாட்களில் முற்றத்தைத் திறந்து விடவும், அருகில் வசிக்கும் மாணவர் இருவரைக் குறிப்பெடுக்க அமர்த்தவும் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இவ்வொரு நாள் தவறினால் ஓராண்டு காத்திருக்க நேரும்.

அடுத்து, மாணவர் எடுத்த குறிப்புகள் ஊரார் முன் வர வேண்டும். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடி வந்தது. 2022 ஆம் ஆண்டில் மார்ச் 22, நவம்பர் 1 என்னும் நாட்களும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மாணவியோ மாணவனோ எழுந்து அன்றைய நண்பகல் நிழலின் அளவைப் படிக்கட்டும். சென்னைக்கு நேரான ஊர்களில் ஒரு மீட்டர் கம்பிக்கு அது ஏறத்தாழப் பின்வருமாறு இருக்கும்:

ஜனவரி 26: வடக்கே 62 சென்டிமீட்டர்
மார்ச் 22: வடக்கே 22 சென்டிமீட்டர்
மே 1: தெற்கே 3 சென்டிமீட்டர்
ஆகஸ்டு 15: தெற்கே 2 சென்டிமீட்டர்
அக்டோபர் 2: வடக்கே 30 சென்டிமீட்டர்
நவம்பர் 1: வடக்கே 52 சென்டிமீட்டர்

தெற்கே உள்ள ஊர்களில் அளவுகள் சிறிது வேறுபடும். பிள்ளைகள் தங்கள் ஊரின் அளவைத் தாங்களே காண்பதுதான் முக்கியம். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

இறுதியாக, கழியின் அருகிலேயே ஒரு மழைமானியையும் வைக்குமாறு கேட்டுக் கொள்கிறோம். நிழலையும் மழையையும் ஒரே நோட்டில் இரண்டு பத்திகளாக எழுதி வரட்டும். சில ஆண்டுகள் சென்ற பின்னர் அந்நோட்டைப் புரட்டினால் ஓர் உண்மை தெளிவாகும். நிழல் ஆண்டுதோறும் அதே நாளில் அதே அளவில் விழுந்திருக்கும். மழையோ ஓராண்டு முந்தியும் ஓராண்டு பிந்தியும், ஓராண்டு மிகுந்தும் ஓராண்டு பொய்த்தும் பெய்திருக்கும். சூரியன் தவணை தவறுவதில்லை, மழை தவறுகிறது. சூரியனின் கணக்கு ஒன்றேயாக, காற்றும் கடலும் மேகமும் சேர்ந்த மழையின் கணக்கு பலவாக இருப்பதே காரணம். எதை நம்பித் தேதி குறிக்கலாம், எதற்கு வானிலை அறிவிப்பைக் கேட்டு, ஏரியில் நீரைத் தேக்கி, முன்னேற்பாட்டுடன் இருக்க வேண்டும் என்னும் பாகுபாடு விவசாயிக்கு மிகவும் தேவையானது. அதனைத் தன் கையெழுத்தில் எழுதிய எண்களிலிருந்து கற்ற பிள்ளை ஒருநாளும் மறக்காது.

வருகிற டிசம்பர் 22க்குள் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் பள்ளி முற்றத்தில் ஒரு கழியை நாட்டுமாக. அன்று விழும் நீண்ட நிழலே நோட்டின் முதல் வரியாகட்டும்.